ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தில்லியில் வளர்க்கும் தமிழ் அம்மாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விஹார் என்று தில்லி முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள் பரவியிருக்கின்றன. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு, அதனால் பேச்சும் பிறரோடு பழகுவதும் மற்றப் பிள்ளைகளைப் போல் அமைவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் எங்களுக்குள் போனிலும் நேரிலும் பேசிக்கொள்வோம். புதிதாக ஒருவர் வந்து சேரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நான் டாக்டர் இல்லை. 14 வயதுப் பையனின் அம்மா. எங்கள் அனுபவத்தில் தேறியதையும், சட்டத்திலும் மருத்துவத்திலும் உறுதியாகத் தெரிந்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பையனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். பேச்சு வராதது மட்டும் என்றால் காரணம் பல இருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, "அதோ பார்" என்று நீங்கள் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்காதது, ஒரே பொம்மையின் சக்கரத்தை மணிக்கணக்கில் சுற்றுவது, வந்த வார்த்தைகள் நின்றுபோவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும்.

முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அதற்குப் பெரா என்ற சோதனை இருக்கிறது. எம்-சாட் என்ற கேள்வித்தாள் 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பழக்கப்பட்ட டாக்டர் குழந்தையோடு உட்கார்ந்து, விளையாடவிட்டுப் பார்த்து, உங்களிடம் நிறையக் கேள்வி கேட்டுத்தான் சொல்வார். எய்ம்ஸில் பார்க்கலாம், கூட்டம் அதிகம் என்பதால் காத்திருக்க நேரும். அந்த நேரத்தில் ஸ்பீச் தெரபியோ (பேச்சுப் பயிற்சி) ஆக்குபேஷனல் தெரபியோ (அன்றாட வேலைகளுக்கும் புலன்களுக்குமான பயிற்சி) தொடங்கிவிடுவதில் தவறில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் உதவி தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மாமியாரோடு சண்டை வேண்டாம். வசம்பு தேய்க்கிறேன் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள், குழந்தைக்கு அது நல்லதில்லை.

எதனால் இப்படி ஆனது? கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்தேனா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்பார்கள்.

இல்லை. நீங்கள் செய்தது எதுவும் இல்லை.

லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது அப்போதிருந்துதான். அடுத்த இருபது ஆண்டுகள் அம்மாக்களுக்குப் பெரிய அநியாயம் நடந்தது. பாசமில்லாத, உறைந்துபோன அம்மாக்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதை ஊரெல்லாம் பரப்பினார்கள். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்று நம்பிய காலம் அது. 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, வளர்ப்பைச் சார்ந்தது இல்லை என்று ஆதாரத்தோடு எழுதினார். பிறகு இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது என்று காட்டின.

தடுப்பூசிப் பயமும் இப்படித்தான் கிளம்பியது. தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-ல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெளியிட்ட கட்டுரையை 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய மருத்துவ உரிமமும் போனது. தட்டம்மை ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்தப் பழைய குற்றச்சாட்டு செத்துவிட்டது என்று புத்தகங்களில் இருக்கிறது. நம் வீடுகளில் அது வேறு சட்டை போட்டுக்கொண்டு உலவுகிறது. "நீ வேலைக்குப் போனாய்", "மொபைலைக் கொடுத்துப் பழக்கினாய்", "தனிக்குடித்தனம் வந்ததால் குழந்தையோடு பேச ஆளில்லை", "கிரகணத்தன்று வெளியே வந்தாய்". மொபைலைக் குறைப்பது எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஆனால் மொபைல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. தில்லியில் தனியாக இருந்ததாலும் வரவில்லை. கும்பகோணத்தில் கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர் மடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் இருக்கிறது.

தெரபிஸ்ட் வீட்டில் இந்தி மட்டும் பேசச் சொல்கிறார். தமிழை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். தில்லித் தமிழ் அம்மாக்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் தள்ளிப் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரு மொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அப்படிப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், குழந்தை குழம்பிவிடும் என்று. ஆனால் அந்த யோசனையை வீட்டில் கடைப்பிடித்தால் என்ன ஆகிறது என்று கொஞ்சம் பாருங்கள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவு இந்தி தெரிந்த அம்மா, பிள்ளையிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறாள். "பைட்டோ", "ஆவோ", "கானா காவோ" என்று கட்டளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. கொஞ்சல் போய்விடுகிறது. "என் ராசா, என் தங்கம், இங்க வாடா" என்று மனசிலிருந்து வருகிற பேச்சு போய்விடுகிறது. தாத்தா பாட்டி போனில் கூப்பிட்டால் பிள்ளைக்கு ஒரு வார்த்தை புரியாது. பேச்சுக் குறைந்த குழந்தைக்குப் பேச்சை இன்னும் குறைத்துக் கொடுத்தது போல் ஆகிறது.

தெரபி இந்தியிலேயே நடக்கட்டும். அன்றைக்கு என்ன சொற்கள் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதையே வீட்டில் தமிழில் செய்யுங்கள். நல்ல தெரபிஸ்ட் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

சொன்னதையே திருப்பிச் சொல்வது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் சிறுவனாக இருந்தபோது தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நாங்கள் அவனிடம் கேட்பது அப்படித்தானே, அதை அப்படியே எடுத்துக்கொண்டான். "தப்பு, சரியாச் சொல்லு" என்று திருத்தினால் வாயை மூடிக்கொள்வான். டம்ளரை நீட்டியபடி "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டிய மாதிரியே நான் சொல்லிவிட்டுக் கொடுப்பேன். நாளாக நாளாக அதுவே அவன் வாயில் வந்தது. இன்னொன்று, மெட்ரோ அறிவிப்பு. யார் வீட்டுக்காவது போயிருக்கும்போது "அக்லா ஸ்டேஷன் ஹௌஸ் காஸ் ஹை" (அடுத்த நிலையம் ஹௌஸ் காஸ்) என்று ஆரம்பித்தான் என்றால், போதும், கிளம்பலாம் என்கிறான் என்று அர்த்தம். அர்த்தமில்லாமல் உளறுகிறான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் சொல்கிறான் என்று கவனித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றுக்கும் பொருள் பிடிபடும். மெஜந்தா லைனில் முனிர்கா, ஆர்.கே.புரம், ஐ.ஐ.டி., ஹௌஸ் காஸ், பஞ்சஷீல் பார்க், சிராக் தில்லி என்று பொட்டானிக்கல் கார்டன் வரை ஒன்று விடாமல் சொல்வான். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அவன் வாசிக்கக் கற்றான்.

ஐந்து வயதாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை. இனிமேல் பேசவே மாட்டாளா?

ஐந்துக்குப் பிறகு பேச ஆரம்பித்த பிள்ளைகள் உண்டு, பேசாமலே வளர்ந்தவர்களும் உண்டு. எது நடக்கும் என்று இப்போதே யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சு வரும்வரை அவள் தன் மனசில் இருப்பதைச் சொல்ல வழியில்லாமல் இருக்கக் கூடாது. பட அட்டைகள், சைகை, டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் பேசும் ஆப், எதுவானாலும் கொடுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற ஆப் தமிழிலும் பேசும். "அட்டையைக் காட்டிப் பழகினால் பேச்சே வராது" என்று பயமுறுத்துவார்கள், அது உண்மை இல்லை. சொல்ல வழி கிடைத்த பிறகு அழுகையும் அடியும் குறைந்த பிள்ளைகளை எங்கள் வட்டத்திலேயே பார்த்திருக்கிறோம்.

கடைத்தெருவில் திடீரென்று கத்திக் கீழே புரள்கிறான். எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். என்ன செய்வது?

அடம் வேறு, இது வேறு. சாக்லேட் கிடைத்தவுடன் நின்றுவிடுவது அடம். இதை மெல்ட்டவுன் என்பார்கள், இதில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சத்தம், வெளிச்சம், கூட்டம், மேலே மேலே உரசும் ஆட்கள், இதெல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போயிருக்கிறது. அப்போது பாடம் நடத்தக் கூடாது. பேச்சைக் குறைத்து, சத்தம் குறைவான பக்கம் கூட்டிப்போய், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சுற்றி நிற்பவர்களிடம் "இஸ்கோ ஆட்டிசம் ஹை, தோடா ஜகஹ் தீஜியே" (இவனுக்கு ஆட்டிசம், கொஞ்சம் இடம் விடுங்கள்) என்று ஒரு தரம் சொன்னால் போதும். வாதாடப் போகாதீர்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியதுதான் அதிகம். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஞாயிறு மாலை கூட்டிப் போவதற்குப் பதில் கடை திறந்த கையோடு போய் வரலாம். மலை மந்திருக்குச் சஷ்டி, கிருத்திகை தவிர்த்து வாரநாள் காலையில் போனால் பிள்ளையும் நிம்மதியாக முருகனைப் பார்ப்பான். வீட்டில் குக்கர் வைக்கும்போது "விசில் வரப்போகுது" என்று சொல்லிவிட்டு வையுங்கள். தீபாவளிதான் இங்கே பெரும்பாடு. காதை மூடும் ஹெட்போன், தெருவைப் பார்க்காத அறை, பழகிய போர்வை, இவற்றோடு அந்த இரவைத் தாண்டிவிடலாம். பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லி வைத்தால், வாசலில் வெடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதுவும் தாளிக்காத தயிர்சாதம். ஒரு கடுகு கண்ணில் பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். நாக்குக்கு அது கல் மாதிரி உறுத்துகிறது என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் விளங்கியது. வாயில் திணிக்காதீர்கள், பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். பிடித்ததைத் தட்டில் வைத்து, புதியதைப் பக்கத்தில் ஒரு துளி மட்டும் வையுங்கள். தொட்டாலே வெற்றி, முகர்ந்தால் இன்னும் நல்லது. எடை ஏறவில்லை, மலச்சிக்கல் இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் சாப்பாட்டை மறுக்கிற பிள்ளைகள் உண்டு.

ஸ்டெம் செல், கோதுமை இல்லாத உணவு, உடம்பிலிருந்து நச்சு எடுப்பது, எதைச் செய்யலாம்?

ஸ்டெம் செல்லை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கேட்பார்கள், நகையை விற்காதீர்கள். நச்சு எடுக்கிறேன் என்று கொடுக்கும் மருந்தால் குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள். கோதுமை, பால் நிறுத்துவதால் ஆட்டிசம் மாறும் என்பதற்கும் நல்ல ஆதாரமில்லை, ஏற்கெனவே ஐந்து பண்டம் மட்டும் சாப்பிடும் குழந்தையிடம் பாலையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? ஆட்டிசத்தை மாற்றும் மாத்திரை எதுவும் இல்லை. கடும் எரிச்சலுக்கும் தன்னையே அடித்துக்கொள்வதற்கும், தூக்கத்துக்கும் டாக்டர்கள் சில மருந்துகள் தருவார்கள், அது வேறு விஷயம். "குணப்படுத்துகிறேன்" என்று யார் உறுதி கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தில்லியில் எங்கே பயிற்சி கிடைக்கும்?

ஜசோலாவில் ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் இருக்கிறது. மேரி பருவா என்ற அம்மா தன் மகனுக்கு இந்த ஊரில் எதுவும் இல்லை என்று கண்டு 1991-ல் தொடங்கியது. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே உட்கார்ந்து கற்கும் பயிற்சி அங்கே உண்டு. வசந்த் விஹாரில் தமன்னா 1984 முதல் நடக்கிறது, அதைத் தொடங்கிய ஷ்யாமா சோனாவும் சிறப்புக் குழந்தையின் அம்மாதான். எங்கே போனாலும் ஒன்றைக் கேளுங்கள்: நான் உள்ளே இருந்து பார்க்கலாமா? கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பித் தரும் இடத்தில் உங்களுக்குக் கற்க ஒன்றுமில்லை.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள்.

சட்டம் உங்கள் பக்கம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. தில்லியில் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 3 சதவீத இடம் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டு, கல்வித் துறை ஆன்லைனில் குலுக்கல் நடத்துகிறது. அறிவிப்பு வரும் நாளைத் தவறவிடாதீர்கள். சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் கிடைக்கும்.

ஆனால் இடம் கிடைப்பது வேறு, அங்கே பிள்ளை நன்றாக இருப்பது வேறு. என் மகனை முதலில் சேர்த்த பள்ளியில் வகுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இன்னொரு பள்ளி அவ்வளவு பேர் போனதில்லை, ஆனால் அங்கிருந்த டீச்சர் முதல் வாரமே மணி அடிக்கும் முன் அவனுக்கு ஜாடை காட்டக் கற்றுக்கொண்டார். அந்த டீச்சர் இருக்கும் பள்ளியைத் தேடுங்கள்.

நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

எல்லோரும் அம்மாவைப் பார்த்துத்தான் இதைக் கேட்கிறார்கள். அப்பாவை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. முடிவெடுக்கும் முன் கிடைக்கக்கூடியதை எல்லாம் பாருங்கள். மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். மற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரம்பு, மாற்றுத்திறன் பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் மத்திய அரசு ஊழியர், அப்பாவானாலும் சரி, வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். தெரபி, பள்ளி எல்லாம் ஒரு ஊரில் அமைந்த பிறகு மாற்றல் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வீட்டுக்குள்ளே, அப்பா "உதவி" செய்ய வேண்டாம், ஒரு பங்கை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை தெரபி அவருடையது என்றால் அழைத்துப் போவது, தெரபிஸ்டிடம் கேட்பது, வீட்டுப் பயிற்சி செய்வது எல்லாம் அவருடையதே. பையில் மாற்று உடை வைப்பதற்கும் உங்களைக் கூப்பிடக் கூடாது.

சில நாள் இவன் மேலேயே வெறுப்பு வருகிறது. நான் கெட்ட அம்மாவா?

தூங்காத அம்மா. நடு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சிரித்துக்கொண்டு ஓடும் பிள்ளையோடு வருஷக்கணக்கில் விழித்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உங்களைத் தெய்வம், தியாகி என்று புகழ்கிறவர்களிடம் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், புகழ்ச்சியைவிட அது உபயோகம். அழுகை நிற்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். மூத்தவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் பெறாதீர்கள், அந்தக் குழந்தைக்கும் அதன் வாழ்க்கை உண்டு.

எங்களுக்குப் பிறகு யார்?

பயந்துகொண்டே தள்ளிப்போடுவதுதான் எல்லோரும் செய்வது. தாள் வேலையிலிருந்து தொடங்குங்கள். மாற்றுத்திறன் சான்றும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் முதலில். அடுத்து, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவிலும் ஒரு பகுதி அதில் வரும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் தானாகக் காப்பாளர் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளர் ஆக வேண்டும். வங்கியில் கையெழுத்துப் போடப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

மத்திய அரசு ஊழியர் குடும்பமானால், தானாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஓய்வு பெறும் முன்பே பிள்ளையின் பெயரையும் சான்றையும் அலுவலகப் பதிவில் ஏற்றிவிடுங்கள். இருவரும் இல்லாத காலத்தில் தம்பியோ தங்கையோ அலுவலகம் அலுவலகமாக அலைவதைவிட, இப்போது ஒரு மதிய நேரத்தைச் செலவிட்டு அந்தப் படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, நகலை யூ.டி.ஐ.டி. அட்டையோடு ஒரே கோப்பில் வையுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.